முடியாத பக்கத்துக்கும் முறை கொடுங்கள்

(ஸ்ரீரங்கத்தில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



அந்தநல்லூர், மணிகண்டம், மண்ணச்சநல்லூர், லால்குடி என்று நாலா பக்கமிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். கடன், வட்டி, தீர்மான நோட்டு என்று காலையிலிருந்து கேட்டுக் களைத்துப் போன நேரத்தில் என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் விசில் ஊதிய ஆள், அதனால் அது கொஞ்சம் சிரமம்தான்.

டீச்சர் உடற்பயிற்சி பற்றிப் பேசுவாங்க என்று தலைவி அறிவித்தபோது, முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நாத்து நட்டு, களை பறிச்சு, மாட்டுக்குப் புல் அறுத்து, தண்ணி தூக்கி, சோறும் ஆக்குறோம். நமக்கு எதுக்கு எக்சர்சைஸ்? அதெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற டவுன்காரங்களுக்கு." (சிரிப்பு) யாரும் அந்த அம்மாவைத் தேட வேண்டாம். நியாயமான கேள்வி. நான் பேசப்போவது முழுக்க அதற்கான பதில்தான்.

வேலை வேறு, பயிற்சி வேறு. வேலை இருக்கிறதே, அது நம்ம உடம்பில் எது பலமாக இருக்கிறதோ அதையே தேடிப்பிடித்து வாங்கிக்கொள்ளும். குடம் எப்போதும் ஒரே இடுப்பில்தான் ஏறும். கதிர் அரிவாள் ஒரே கையில்தான் இருக்கும். குனிந்து நடுகிற உடம்பு குனிந்தே பழகும், பின்னால் நிமிர்த்துகிற சதைக்கு வேலையே வராது. நம்ம மாவட்டத்தில் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுகிற பெண்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? விரலும் கண்ணும் ஊசி மாதிரி வேலை செய்யும். ஆனால் கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் உள்ள சதை நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் வலிப்பது அந்த இடம்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. எங்காவது பலம் குறைந்தால் பக்கத்தில் இருப்பது அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும். வலது முட்டி வலித்தால் இடது காலை ஊன்றி ஏறுவோம். தொடையில் பலம் இல்லையென்றால் கையை ஊன்றி எழுந்திருப்போம். நமக்கே தெரியாமல் நடக்கிறது இது. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் ஓய்வு கொடுத்த சதை இன்னும் இளைக்கும், உதவிக்கு வந்தது ஒருநாள் அதுவும் வலிக்கும். வேலை எவ்வளவு செய்தாலும் பலவீனமான இடம் பலமாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அதை நாமாகத் தேடிப் போய், அதற்கென்று தனியாக நேரம் கொடுத்தால்தான் உண்டு.

இது உங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. குழுவைத் தரம் பிரிக்க வருகிறார்கள். சேமிப்புக்கு நல்ல மார்க், கூட்ட வருகைக்கு நல்ல மார்க், கடன் திருப்பிச் செலுத்துவதில் மட்டும் குறைவு. அடுத்த ஆறு மாதம் என்ன செய்வீர்கள்? சேமிப்பை இன்னும் கூட்டுவோம் என்று யாராவது தீர்மானம் போடுவீர்களா? தவணை பாக்கியைத்தானே பிடிப்பீர்கள். உடம்பு விஷயத்தில் மட்டும் நாம் தலைகீழாக நடக்கிறோம். நடக்கத் தெம்பு உள்ளவர் இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு, பயிற்சி செய்தேன் என்கிறார். அவருக்குக் குறைவது நடையாக இருக்காது.

பள்ளியிலும் இதே கதைதான். வேகமாக ஓடுகிற பிள்ளை ஓடவே ஆசைப்படும், குண்டு எறிகிற பிள்ளை எறியவே ஆசைப்படும். வருவதைச் செய்தால் நாலு பேர் கை தட்டுவார்கள். வராததைச் செய்தால் பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாள். கபடியில் எப்போதும் வலது பக்கமே பாடிப் போகிற பெண்ணை எதிர் அணி இரண்டே ஆட்டத்தில் புரிந்துகொண்டு மடக்கிவிடும். இடது பக்கம் பழகச் சொன்னால் அழுவாள். நாலு வாரம் அசிங்கமாகத்தான் ஆடுவாள். அந்த நாலு வாரத்தைத் தாண்டியவர்கள்தான் மாவட்ட அணிக்குப் போனார்கள்.

பெரிய ஆட்டக்காரர்களும் இதற்கு விலக்கில்லை. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ஆரம்பத்தில் நீளம் தாண்டுகிறவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் 400 மீட்டர் ஓட்டத்துக்கு மாறினார். நீளம் தாண்ட சில விநாடி வேகம் போதும். 400 மீட்டருக்கு முக்கால் நிமிஷம் அந்த வேகத்தைத் தாக்குப் பிடிக்க வேண்டும். வேகம் கைவசம் உள்ள ஆளுக்கு வளர்க்க வேண்டியது தாக்குப் பிடிப்பது. 2014-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில் அவர் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். 2017-ல் அர்ஜுனா விருதும் கிடைத்தது.

சுபா வெங்கடேசன் நம்ம திருச்சிப் பெண். டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தது, நினைவிருக்கும். அதில் இரண்டு ஆண், இரண்டு பெண் சேர்ந்து ஆளுக்கு 400 மீட்டர் ஓடுகிற கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்திய அணிக்கு ஓடிய நாலு பேரில் சுபாவும் ஆரோக்கிய ராஜீவும் இருந்தார்கள். மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணியும் அந்த அணிதான். நாலில் மூன்று பேர் தமிழ்நாடு! ஆனால் தகுதிச் சுற்றில் நம் அணி கடைசி இடம். 3 நிமிடம் 19.93 விநாடி. உலகமே பார்க்கிற இடத்தில் கடைசியாக வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு. அதே கலப்புத் தொடர் ஓட்டம். மற்ற மூன்று பேரும் புது ஆட்கள், சுபா மட்டும் பழையவர். கோலை வாங்கிக் கடைசிச் சுற்று ஓடியது அவர்தான். 3 நிமிடம் 14.34 விநாடி. மூன்றாவதாக வந்தார்கள், முன்னால் வந்த இலங்கை அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டதால் வெள்ளி கிடைத்தது. பெண்கள் தொடர் ஓட்டத்திலும் அவருக்கு ஒரு வெள்ளி. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஓடினார்.

இந்த 400 மீட்டர் ஓட்டத்தில் ஒரு ரகசியம் உண்டு. டிவியில் பார்க்கும்போது கடைசி 100 மீட்டரில் ஒருத்தர் வேகத்தைக் கூட்டி முந்துவது மாதிரித் தெரியும். உண்மையில் அங்கே யாருமே வேகத்தைக் கூட்டுவதில்லை. எல்லாருக்கும் கால் கல்லாகி வேகம் குறைகிறது. யாருக்குக் கம்மியாகக் குறைகிறதோ அவர் முந்துகிறார். அதனால்தான் அந்த ஓட்டக்காரர்களுக்குக் கால் களைத்த பிறகும் ஓட வைக்கிற பயிற்சி கொடுக்கிறோம். 300 மீட்டர் ஓடு, கொஞ்சம் மூச்சு வாங்கு, மறுபடி ஓடு. எந்த இடத்தில் உடம்பு விட்டுக்கொடுக்கிறதோ அந்த இடத்துக்குத்தான் பயிற்சி.

சரி, நாம் ஒலிம்பிக் போகப் போவதில்லை. நமக்கு எந்த இடம் விட்டுக்கொடுக்கிறது? அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம்.

இப்போதே பார்க்கலாம். நாற்காலியில் இருப்பவர்கள் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நிமிர்ந்து நில்லுங்கள், உட்காருங்கள். ஐந்து தடவை. பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும். முட்டி ரொம்ப வலித்தால் செய்ய வேண்டாம், பாருங்கள் போதும்... ஆச்சா? 15 விநாடிக்கு மேல் ஆனவர்களுக்கும், கையை ஊன்றியே எழுந்தவர்களுக்கும் தொடையில் பலம் குறைவு என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய முடியும்.

அடுத்தது ஒற்றைக் காலில் நிற்பது. வீட்டில் சுவரோரம் நின்று பாருங்கள், தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம். 10 விநாடி நிற்க முடிகிறதா? இரண்டு காலிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கால் நிற்கும், இன்னொன்று ஆடும். 2022-ல் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,700 பேரை இப்படி நிற்க வைத்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவரால் 10 விநாடி நிற்க முடியவில்லை. அடுத்த வருஷங்களில் இறந்தவர்களின் விகிதமும் அவர்களிடையேதான் அதிகமாக இருந்தது. நிற்க முடியாததுதான் காரணம் என்று அதற்கு அர்த்தம் இல்லை, பயப்பட வேண்டாம். உடம்பு தளர்வதைக் காட்டுகிற ஒரு அடையாளம் அது. நமக்கு இது விளையாட்டும் இல்லை. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில் இறங்குகிறீர்கள். பாசி படிந்த படி, கையில் தாம்பாளம், பின்னால் கூட்டம். ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் அந்தரத்தில். அந்த ஒரு விநாடி ஒற்றைக் காலில்தானே நிற்கிறீர்கள்? மாதவிடாய் நின்ற பிறகு நமக்கு எலும்பு வேகமாக மெலியும். அப்புறம் விழுந்தால் எழுந்திருப்போம் என்று சொல்வதற்கில்லை. இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொண்டவர்கள் இங்கே இருப்பீர்கள், அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொடைக்கு என்ன பயிற்சி? நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். பத்து தடவை. எது பலவீனமான காலோ அதில் ஆரம்பியுங்கள். அது எட்டோடு நின்றுவிட்டால் நல்ல காலுக்கும் எட்டுதான். நல்ல காலுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் வித்தியாசம் அப்படியே இருக்கும். அப்புறம் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. முதலில் உயரமான இடத்திலிருந்து, பழகப் பழகத் தாழ்வான இடத்திலிருந்து. முட்டி வலிக்குத் தொடைச் சதையைப் பலப்படுத்துவதே முக்கியமான வைத்தியங்களில் ஒன்று. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டி வீங்கிச் சுட்டாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் போங்கள். கடையில் வலிக்கு என்று கலர் கலராகக் கட்டிக் கொடுக்கிற செட் மாத்திரையை வாங்கித் தின்னாதீர்கள். சிலதில் ஸ்டீராய்டு இருக்கும். ஒரே நாளில் வலி பறந்துவிடும், தொடர்ந்து சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும்.

இப்போது சொல்லப்போவதற்குத்தான் நான் வந்ததே. கதவோரம் நிற்கிற அண்ணன்மார்கள் கொஞ்சம் டீ குடித்துவிட்டு வாருங்கள். (சிரிப்பு)

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஊக்குநராக இருந்தவர், கெட்டிக்காரி. பேங்க் மேனேஜரிடம் நேருக்கு நேர் பேசுகிறவர். திடீரென்று கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். கேட்டால் வீட்டில் வேலை என்பார். ஆறு மாதம் கழித்து என்னிடம் தனியாகச் சொன்னார். இருமினால், தும்மினால், பஸ் தூக்கிப் போட்டால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. சேலை நனைந்து, வாடை வந்து, யாராவது கண்டுபிடித்துவிட்டால்? அதனால் பஸ் ஏறுவதை விட்டார், கல்யாண வீட்டுக்குப் போவதை விட்டார், தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அதில் நீர்க்கடுப்பும் சேர்ந்துகொண்டது. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் வரிசையில் நிற்க முடியாதே என்று அந்த வருஷம் பெருமாளையே பார்க்க வரவில்லை.

இங்கே எத்தனை பேருக்கு அப்படி இருக்கிறது என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். தலை குனிகிறதை வைத்தே தெரிகிறது. புள்ளை பெற்றால் அப்படித்தான் என்று நம்ம அம்மா சொல்லியிருப்பார்கள், நாமும் மருமகளிடம் சொல்லுவோம். நிறைய பேருக்கு வருகிறது என்பது உண்மை. வந்தால் அப்படியே கிடக்க வேண்டும் என்பது உண்மை இல்லை.

அடிவயிற்றுக்குக் கீழே, சிறுநீர் வருகிற வழி, குழந்தை வருகிற வழி, மலம் போகிற வழி மூன்றையும் சுற்றி ஒரு சதை இருக்கிறது. சேலையில் கட்டின தூளி மாதிரி. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் கீழேயிருந்து அது தாங்குகிறது. பிரசவத்தில் அந்தத் தூளி நன்றாக இழுபடும். பிறகு சிமெண்ட் சட்டி, வாழைத்தார், நெல் மூட்டை என்று சுமக்கச் சுமக்க இன்னும் தொய்யும். வருஷக் கணக்கில் மலச்சிக்கலோடு முக்கினாலும் தொய்யும். எவ்வளவு உழைத்தாலும் இந்தச் சதை தானாகப் பலப்படாது. உழைப்பு அதை அழுத்தும். முன்வரிசை அம்மா, உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

1948-லேயே கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கான பயிற்சியை எழுதினார். ரொம்பச் சுலபம். வாயு பிரியாமல் அடக்குவோமே, சிறுநீரைப் பாதியில் அடக்குவோமே, அந்த இரண்டு இடத்தையும் சேர்த்து உள்பக்கமாக, மேல்பக்கமாக இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் எதையும் இறுக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள், முழுசாக விடுங்கள், அதே அளவு ஓய்வு கொடுங்கள். முதலில் இரண்டு எண்ணும் வரைதான் நிற்கும், பரவாயில்லை. ஒரு வேளைக்கு எட்டு தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு இன்னொரு எட்டு தடவை வேகமாக இழுத்து விடலாம். உண்மையாகவே சிறுநீர் கழிக்கும்போது அடக்கி அடக்கிப் பழகாதீர்கள், அது கெடுதல். எந்தச் சதை என்று தெரிந்துகொள்ள மட்டும் ஒரு தடவை பார்க்கலாம்.

படுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. பழகினபின் பால் காய்கிறபோது செய்யலாம், பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இருமல் வரும்போது, குடம் தூக்கும்போது முன்கூட்டியே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் செய்துவிட்டுப் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் வேண்டும். அந்த ஊக்குநருக்கு முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை, திட்டிக்கொண்டேதான் செய்தார். மூன்றாவது மாத முடிவில் பஸ் ஏறினார். முழுக்க நின்றுவிட்டதா என்றால், பலமாகத் தும்மினால் இன்னும் ஒரு சொட்டு வருகிறது என்கிறார். ஆனால் கூட்டத்தில் இருக்கிறார். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல மாட்டேன்.

கீழே ஏதோ இறங்கி நிற்கிற மாதிரி, கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி இருந்தால், சிறுநீரில் ரத்தம் வந்தால், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், பயிற்சி செய்து பார்க்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். பெண் டாக்டரைப் பாருங்கள். இங்கே ஸ்ரீரங்கத்திலேயே அரசு மருத்துவமனை உண்டு, திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உண்டு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். எடுத்த பிறகும் கசிவு இருக்கலாம். பயிற்சியைச் சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகம் இருந்தால் இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள், பிசியோ டாக்டர் என்போமே, அவர்தான்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பு அசைய வேண்டும். அது உங்களுக்கு வயலிலேயே முடிந்துவிடும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது சதைக்குப் பலப் பயிற்சி, 65 வயது தாண்டியவர்களுக்கு மூன்று நாள் நிதானப் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். நமக்கு விட்டுப்போவது இந்தப் பின்பாதிதான். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும்.

குழுக் கூட்டத்தில் உறுதிமொழி முடிந்ததும் ஐந்து நிமிஷம் எல்லாரும் எழுந்து உட்காருங்கள், சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஒவ்வொருவரும் எத்தனை என்று ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்தவர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், உங்கள் போன மாத எண்ணிக்கையைப் பாருங்கள். எழுதுகிற வேலையை எழுத வராத உறுப்பினரிடம் கொடுங்கள். எப்போதும் கணக்கு எழுதுகிறவரே எழுதி, எப்போதும் பேங்கில் பேசுகிறவரே பேசினால், குழுவும் ஒரே இடுப்பில் குடம் சுமக்கிற கதைதான். வெறும் எண்தானே, இரண்டு வாரம் கோணல் மாணலாக வரட்டும்.

சாப்பாடு தயார் என்று கை காட்டுகிறார்கள். தனியாகக் கேட்க வேண்டியது இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், மூன்று மணி வரை நான் அங்கேதான் இருப்பேன். அந்தப் பக்கம் வேறு யாரையும் விட வேண்டாம் என்று தலைவியிடம் சொல்லியிருக்கிறேன். தூரத்து ஊர்க்காரர்கள் முதலில் வாருங்கள், உங்களுக்குத்தான் பஸ் சீக்கிரம்.